கருகிய வேம்பை வெட்டலாமா?

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் ஊரே பச்சையாக இருக்கும்போது வீட்டு வாசலில் நிற்கும் வேம்பு மட்டும் தீப்பட்டதுபோல் கருகி நிற்கும். சில ஆண்டுகளாகத் தெலங்கானா, கர்நாடகம், தமிழ்நாடு என மூன்று மாநிலங்களிலும் இதைப் பார்க்கிறோம். கல்வராயன் மலை அடிவாரத்துக் கொல்லைகளும் இதற்கு விலக்கல்ல. யாரோ மரத்துக்கு ஆசிட் ஊற்றிவிட்டார்கள் என்று சண்டை, அம்மன் கோபம் என்று பேச்சு, கடைசியில் விறகுக்காரருக்கு ஒரு போன். அந்தப் போனைப் பங்குனி வரை தள்ளிப்போட்டால் பெரும்பாலான மரங்கள் பிழைத்துவிடும்.

முதலில், இது எந்தக் காய்ச்சல் என்று பிரித்தறிய வேண்டும். மாசியில் வேம்பு பழுத்த இலைகளைக் கொட்டுவது இயற்கை. அப்போது இலை மஞ்சளாகித் தரையில் விழும், குச்சி உயிரோடு இருக்கும், பின்னாலேயே செந்தளிர் வரும். நோயில் நடப்பது வேறு. கிளையின் நுனி மட்டும் காயும். இலை பழுப்பாகிச் சுருண்டு, விழாமல் குச்சியிலேயே தொங்கும். ஆவணி, புரட்டாசியில் ஆங்காங்கே தொடங்கி, மழைக்காலம் முழுவதும் பரவி, மார்கழி, தையில் மரம் முழுக்கக் கருகியதாகத் தெரியும். நுனியிலிருந்து கீழ்நோக்கிக் காய்வதால் இதை நுனிக்கருகல் என்றும் பின்கருகல் என்றும் வேளாண் துறையினர் சொல்வார்கள்.

இதில் இரண்டு குற்றவாளிகள் உண்டு. ஒன்று தேயிலைக் கொசு. பெயரில்தான் கொசு, அது சாறு உறிஞ்சும் நாவாய்ப்பூச்சி வகை, மனிதரைக் கடிக்காது. அரை அங்குலம்கூட இருக்காது. நீண்ட உணர்கொம்பும், முதுகில் குண்டூசி குத்தி வைத்ததுபோல் ஒரு முள்ளும் இருந்தால் அதுதான். தளிர்த்தண்டில் ஊசி வாயைக் குத்திச் சாற்றை உறிஞ்சும்போது தன் எச்சிலையும் உள்ளே விடுகிறது. அந்த எச்சில்தான் நஞ்சு. குத்திய இடம் பழுப்பாகிக் கறுத்து, சில வேளை பிசினும் கசியும், நுனி வாடிவிடும். விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கத்து முந்திரி விவசாயிகளுக்கு இந்தப் பூச்சியை அறிமுகம் செய்ய வேண்டியதில்லை, அவர்களுடைய முதல் எதிரியே இதுதான். கொய்யா, முருங்கையையும் விடாது. ஊருக்கெல்லாம் பூச்சிமருந்து தரும் வேம்பைப் பூச்சி தாக்குமா என்று கேட்பவர்கள் உண்டு. வேம்பின் பூச்சிவிரட்டும் சத்து மிகுதியாக இருப்பது கொட்டையில். இளந்தண்டின் சாற்றைக் குடிக்கும் இந்தப் பூச்சியை அது தடுப்பதில்லை.

இரண்டாவது குற்றவாளி, ஃபோமோப்சிஸ் அசாடிரக்டே என்ற பூஞ்சை. 1997-இல்தான் இதைத் தனி இனமாக விவரித்துப் பெயரிட்டார்கள். ஈரமும் மிதமான குளிரும் இதற்குப் பிடிக்கும். மழைத்துளி, காற்று வழியாகப் பரவும். விதையிலும் ஒட்டிக்கொண்டு வரும், ஆகவே கருகிய மரத்தடியில் பொறுக்கிய கொட்டையை நாற்றங்காலுக்குப் போடாதீர்கள். பூச்சி போட்ட காயம் பூஞ்சைக்கு வாசலாகிவிடுகிறது. வெயில் ஏறி ஈரம் வற்றியதும் இரண்டும் அடங்கும், மரம் துளிர்க்கும். பங்குனி வரை பொறுக்கச் சொன்னதற்குக் காரணம் இதுவே.

உங்கள் மரம் அந்தப் பிழைக்கும் கூட்டத்தில் இருக்கிறதா என்று பார்க்க ஒரு கத்தி போதும். காய்ந்த குச்சியில் தொடங்கி, கீழே இறங்கி இறங்கிப் பட்டையை லேசாகச் சுரண்டுங்கள். உள்ளே பச்சையும் ஈரமும் தெரிந்தால் அங்கே உயிர் இருக்கிறது. விரல் பருமன் கிளையில் பச்சை தெரிந்தாலே கவலையை விடலாம். அடிமரத்திலும் பழுப்பும் உலர்ந்த நாருமே இருந்தால் கோளாறு வேரில்.

வேர்க் கோளாறில் நுனி மட்டும் காயாது. ஒரு பக்கம் முழுவதுமோ, மரம் மொத்தமுமோ வாடும், பருவம் பார்க்காது. இங்கே நான் முதலில் சந்தேகப்படுவது சிமெண்டைத்தான். வாசலுக்குத் தளம் போடும்போது அடிமரம் வரை பூசிவிடுகிறோம். அதை மரத்தைச் சுற்றி ஒரு கெஜ அகலத்துக்காவது உடைத்துவிடுங்கள். துணி துவைத்த சோப்பு நீர் தேங்குவதும், கொடிக்கம்பி பட்டையை இறுக்கி அறுத்திருப்பதும் அடுத்த சந்தேகங்கள். அடிமரத்தில் தட்டுத்தட்டாகப் பழுப்புக் காளான் முளைத்திருந்தால் உள்ளே கட்டை அழுகுகிறது என்று பொருள். இந்த ஒன்றில் மட்டும் காத்திருக்க வேண்டாம், கூரைமேல் விழுமுன் ஆள் வைத்து இறக்குங்கள்.

நுனிக்கருகல்தான் என்று உறுதியானால் செய்ய வேண்டியது கொஞ்சம்தான். எட்டும் கிளைகளில், காய்ந்த பகுதிக்கு அரைச்சாண் கீழே, பச்சைக் கட்டையில் வெட்டுங்கள். மழை நாளில் வேண்டாம். தை, மாசி வறட்சியில் செய்யுங்கள். வெட்டியதை மரத்தடியில் குவிக்காமல் எரித்துவிடுங்கள். பெரிய வெட்டுவாய்களில் போர்டோ பசை பூசலாம். மயில்துத்தம் 100 கிராம், சுட்ட சுண்ணாம்பு 100 கிராம், இரண்டையும் அரை அரை லிட்டர் நீரில் தனித்தனியே பிளாஸ்டிக் வாளியில் கரைத்துப் பிறகு கலக்க வேண்டும். இரும்புப் பாத்திரம் ஆகாது. கலவையில் கத்தியை முக்கினால் செம்பு நிறம் படிகிறதா? இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேருங்கள்.

மருந்து தெளிப்பதில் எனக்குப் பாதி மனசுதான். லிட்டருக்கு 2 கிராம் கார்பெண்டாசிம் பூஞ்சைக்கொல்லி என்று பரிந்துரைக்கிறார்கள். தலைக்கு மேல் இரண்டு ஆள் உயரம் வரையுள்ள இளமரத்துக்கு, நோய் தொடங்கும் ஆவணி, புரட்டாசியில் தெளித்தால் பயன் உண்டு. நாற்பதடி மரத்துக்குக் கைத்தெளிப்பான் எட்டாது. தெளித்த மருந்தும் கிணற்றிலும் கோழிமேலும்தான் விழும். ஆட்டுக்குத் தழை ஒடிக்கிறீர்கள், சித்திரைப் பச்சடிக்குப் பூ எடுக்கிறீர்கள் என்றால் தெளிக்கவே வேண்டாம். கருகிய மரத்துக்குத் தெம்பு வரட்டும் என்று யூரியா வைப்பவர்களும் இருக்கிறார்கள். அது மெல்லிய தளிரை அள்ளிக் கொடுக்கும், தேயிலைக் கொசுவுக்கு விருந்து வைத்ததாகும். மக்கிய எருவும், இளமரமானால் கோடையில் வாரம் ஒருமுறை தண்ணீரும் போதும்.

மரத்தில் முசுறு எறும்பு இலைகளை ஒட்டிக் கூடு கட்டியிருந்தால் கலைக்காதீர்கள். கடிக்கும்தான், ஆனால் முந்திரித் தோப்புகளில் தேயிலைக் கொசுவைப் பிடித்துத் தின்று குறைப்பது அதுவே.

பங்குனி கடந்தும் ஒரு தளிர்கூட வராமல், அடிமரச் சுரண்டலிலும் பச்சை இல்லாமல் இருந்தால் மரம் போய்விட்டது. சந்தேகம் மிச்சமிருந்தால் பாதி காய்ந்து பாதி பச்சையாக உள்ள ஒரு குச்சியை ஒடித்துக்கொண்டு வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். முழுக்கக் காய்ந்த குச்சியில் அவர்களாலும் எதையும் கண்டுபிடிக்க முடியாது. கல்வராயன் மலைமேல் வெள்ளிமலை போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இறங்கி வருவதற்கு முன் 1800-180-1551 என்ற கட்டணமில்லா உழவர் அழைப்பு மையத்தில் தமிழிலேயே கேட்டுவிடலாம். எந்த மாதம் தொடங்கியது, நுனியிலிருந்தா மொத்தமாகவா, இந்த இரண்டையும் முதலில் சொல்லுங்கள்.