கோடரி மீன் தொட்டியை விட்டுத் துள்ளுவது ஏன்?
தென் அமெரிக்காவின் அமேசான் படுகையில், மரநிழல் படியும் சிற்றோடைகளில் வாழும் பளிங்குக் கோடரி மீன், ஏறத்தாழ 3.5 செ.மீ. நீளமே உடையதாயினும், நீர்ப்பரப்பு வாழ்க்கைக்கு முற்றிலும் இசைந்த உடலமைப்பைக் கொண்டது. நேரான முதுகு நீர்மட்டத்தை ஒட்டி நிற்கவும், மேல்நோக்கிய வாய் நீரில் விழும் பூச்சிகளைக் கவ்வவும் உதவுகின்றன. கோடரியின் அலகுபோல் கீழே புடைத்த மார்பினுள், செவுளுக்குப் பின்னுள்ள மார்புத் துடுப்புகளை இயக்கும் பெருந்தசைகள் அடங்கியுள்ளன. மீன் மிரளும்போது இத்தசைகள் சட்டென்று சுருங்கி அதை நீருக்கு மேலே எறிகின்றன. ஓடையாயின் அது மீண்டும் நீரிலேயே விழும், வீடாயின் பெரும்பாலும் தரையில்.

ஆகவே, குழாய் நுழையும் துளையைக்கூட விட்டுவைக்காத மூடி இன்றியமையாதது. ஆனால் மூடி துள்ளலைத் தடுக்குமே தவிர மிரட்சியைத் தணிக்காது என்பதால், மிதக்கும் தாவரங்களும், ஆறு மீன்களுக்குக் குறையாத கூட்டமும் வேண்டும். மூழ்கிய உணவை இம்மீன் பெரும்பாலும் தேடிச் செல்வதில்லை. எனவே வடிகட்டியின் விசை உணவைக் கீழே இழுத்துவிடும் தொட்டியில், மற்ற மீன்கள் கொழுக்க, இது பட்டினி கிடக்கும். கடைக்கு வரும் நெடும்பயணத்தில் ஏற்கெனவே மெலிந்து வரும் மீனை, ஓர் ஒற்றைச்செல் ஒட்டுண்ணியால் உண்டாகும் வெண்புள்ளி நோய் எளிதில் பற்றுவதற்கு இப்பட்டினியும் ஒரு காரணம்.