குரலை இரவல் வாங்காத பானுமதி

பழைய நடிகைகளைப் பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் ஒவ்வொருவரையும் ஒவ்வொரு விதமாகச் சொல்லுவார்கள். "பத்மினி என்ன அழகு!" என்பார்கள். "சாவித்திரி மாதிரி யாரால் நடிக்க முடியும்?" என்பார்கள். பானுமதி என்றால் மட்டும், "அம்மாடி! அவங்க யாருக்கும் பயப்படமாட்டாங்களே!" என்றுதான் முதலில் வரும். அழகு, பாட்டு, நடிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கல்யாணமாகி, குழந்தை பெற்று, வீட்டையும் பார்த்துக்கொண்டு, ஒரு பெண் பாடினார், நடித்தார், சொந்தப் படம் எடுத்தார், டைரக்ட் செய்தார், கதைகளும் எழுதினார் என்றால் ஆச்சரியமாக இல்லை? அதுவும் எந்தக் காலத்தில்! நாட்டுக்குச் சுதந்திரம் வந்த சமயத்தில்.

அப்பா கொடுத்த சங்கீதம்

ஆந்திராவில் ஓங்கோலுக்குப் பக்கத்தில் தொட்டவரம் என்ற கிராமம்தான் பானுமதி பிறந்த ஊர். அப்பா வெங்கட சுப்பய்யா சங்கீதப் பிரியர். மகளுக்குச் சின்ன வயசிலேயே பாட்டு சொல்லிவைத்தார். அந்தப் பாட்டுதான் பெண்ணை சினிமாவில் கொண்டு சேர்த்தது.

1939-ல் 'வர விக்ரயம்' என்ற தெலுங்குப் படம் வந்தது. சி. புல்லய்யா டைரக்ட் செய்தார். மாப்பிள்ளையை விலைக்கு வாங்குவது என்று அர்த்தம். வரதட்சிணைக் கொடுமையைச் சொல்லும் கதை. தன் கல்யாணத்துக்காகப் பெற்றவர்கள் படும் கஷ்டம் பொறுக்காமல் உயிரை விட்டுவிடும் காளிந்தி என்ற பெண்ணாக பானுமதி நடித்தார். அப்போது அவருக்குப் பதின்மூன்று, பதினாலு வயசுதான் இருக்கும். கதாநாயகன் தன் பெண்ணைத் தொட்டு நடிக்கக்கூடாது என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லிவிட்டாராம்! இந்தக் காலத்துப் பெண்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். ஆனால் சினிமா என்றாலே ஊர் முகம் சுளித்த காலம் அது. அந்த அப்பா கதவை ஒரேயடியாகச் சாத்திவிடாமல், நிபந்தனை போட்டாவது திறந்து வைத்தாரே, அதைச் சொல்லுங்கள்.

கல்யாணத்தோடு முடிந்துவிடவில்லை

'கிருஷ்ண பிரேமா' படத்தில் நடிக்கும்போது அங்கே உதவி டைரக்டராக இருந்த பி.எஸ். ராமகிருஷ்ணா ராவை பானுமதிக்குப் பிடித்துவிட்டது. 1943-ல் இருவருக்கும் கல்யாணம். இனிமேல் நடிப்பு வேண்டாம், குடும்பம் போதும் என்று சின்ன வீட்டில் சமைத்துப் போட்டுக்கொண்டு சந்தோஷமாகத்தான் இருந்தார். நாமெல்லாரும் இருக்கிற மாதிரி.

அப்போதுதான் டைரக்டர் பி.என். ரெட்டி தேடி வந்தார். 'ஸ்வர்க்க சீமா' படத்தில் நடிக்க வேண்டும் என்று கேட்டார். கணவரும் சரி என்றார். 1945-ல் படம் வெளிவந்தது. அதில் ஒரு புறாவைப் பார்த்து அவர் பாடிய பாட்டு ஊரெல்லாம் பரவி, பானுமதி பெரிய நட்சத்திரம் ஆகிவிட்டார்.

அடுத்து நடந்ததுதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. வாசலில் வந்து கூப்பிடுகிறவர்களுக்காகக் காத்திருக்காமல், புருஷனும் பெண்டாட்டியுமாகச் சொந்தக் கம்பெனியே ஆரம்பித்துவிட்டார்கள். மகனுடைய பெயரையே வைத்து 'பரணி பிக்சர்ஸ்'! முதல் படம் 1948-ல் 'ரத்னமாலா'. அடுத்த வருஷம் 'லைலா மஜ்னு'. சென்னை சாலிகிராமத்தில் பரணி ஸ்டூடியோவும் வந்தது. வீட்டுக்காரர் டைரக்டர், வீட்டுக்காரி கதாநாயகி.

மூன்று மொழியில் ஒரே படம்

1953-ல் வந்த 'சண்டிராணி'யை பானுமதியே டைரக்ட் செய்தார். தமிழ், தெலுங்கு, ஹிந்தி என்று மூன்று மொழியிலும் எடுத்தார்கள். என்.டி. ராமராவ் கதாநாயகன். பானுமதிக்கோ இரட்டை வேஷம்! யோசித்துப் பாருங்கள். கேமராவுக்கு முன்னால் அக்கா தங்கை இரண்டு பேராகவும் நடிக்க வேண்டும், பின்னால் நின்று மற்றவர்களை நடிக்க வைக்க வேண்டும். அப்போது அவருக்கு முப்பது வயசுகூட ஆகவில்லை. தென்னிந்தியாவில் ஒரு பெண் டைரக்டர் நாற்காலியில் உட்காருவது என்பது அதிசயமாக இருந்த காலம்.

பிறகும் விடவில்லை. 1975-ல் தமிழில் 'இப்படியும் ஒரு பெண்', 1982-ல் குழந்தைகளையே எல்லா வேஷத்திலும் நடிக்க வைத்து 'பக்த துருவ மார்க்கண்டேயா' என்று டைரக்ட் செய்துகொண்டுதான் இருந்தார்.

தமிழில் மறக்க முடியாத வேஷங்கள்

நமக்கு அவரைத் தெரிந்தது 'மலைக்கள்ளன்' (1954), 'அலிபாபாவும் 40 திருடர்களும்' (1956), 'மக்களைப் பெற்ற மகராசி' (1957), 'அன்னை' (1962) போன்ற படங்களால்தான். மகராசியில் அவர் கொங்குத் தமிழ் பேசுவதைக் கேட்டால் ஓங்கோல் பக்கத்துப் பெண் என்று யாரும் சத்தியம் செய்தாலும் நம்பமாட்டோம்.

முடிந்தால் 'ரங்கோன் ராதா' (1956) பாருங்கள். அண்ணா எழுதிய கதை. மச்சினியைக் கல்யாணம் செய்துகொள்வதற்காக, நன்றாக இருக்கும் மனைவிக்குப் பைத்தியம் என்று கதை கட்டிவிடுகிறான் கணவன். சிவாஜி கணவன், பானுமதி மனைவி. தன் புத்தி சரியாகத்தான் இருக்கிறது என்று ஒரு பெண் யாரிடம் போய் நிரூபிப்பாள்? எத்தனையோ வீடுகளில் இன்றைக்கும் "அவளுக்கு ஒண்ணும் தெரியாது", "அவ ஒரு மாதிரி" என்று சொல்லிச் சொல்லியே வாயை அடைக்கிறார்களே, அதெல்லாம் ஞாபகம் வரும்.

குரலுக்குக் கொடுத்த விலை

மற்ற கதாநாயகிகள் வாயசைக்க, பின்னணிப் பாடகிகள் பாடுவது வழக்கமாகிவிட்ட காலத்திலும், பானுமதி தன் தமிழ், தெலுங்குப் படங்களில் தனக்குத் தானே பாடினார். "என் முகத்துக்கு என் குரல்தான்" என்கிற மாதிரி ஒரு பிடிவாதம். கர்நாடக சங்கீதம் கற்ற கனமான குரல். கேட்ட மாத்திரத்தில் யார் என்று தெரிந்துவிடும்.

பிடிவாதத்துக்கு நஷ்டமும் உண்டு. 'மிஸ்ஸியம்மா' படத்தில் முதலில் நடிக்க ஆரம்பித்தவர் பானுமதிதான். வரலட்சுமி பூஜை அன்று ஷூட்டிங்குக்குத் தாமதமாக வந்தார் என்று தகராறு வந்ததாகவும், மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார் என்றும் சொல்லுவார்கள். எடுத்தவரைக்கும் போட்டுவிட்டு சாவித்திரியை வைத்து எடுத்தார்கள். 1955-ல் படம் வந்து, சாவித்திரி எங்கேயோ போய்விட்டார். அதற்காக பானுமதி இடிந்து உட்கார்ந்துவிடவில்லை. அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

மாமியார் கதைகள்

இத்தனைக்கும் நடுவில் எழுதவும் நேரம் இருந்திருக்கிறது! 'அத்தகாரி கதலு' என்று தெலுங்கில் அவர் எழுதிய மாமியார் கதைகள் ரொம்பப் பிரசித்தம். ஆந்திரப் பிரதேச சாகித்ய அகாடமி விருதும் கிடைத்தது. கண்ணீரும் கம்பலையுமான கதைகள் இல்லை. ஆவக்காய் ஊறுகாய் போடுவது, மடி ஆசாரம் என்று வீட்டுக்குள் தினமும் நடப்பதை மருமகள் பார்த்துச் சிரித்தபடி சொல்லுகிற கதைகள். மாமியாரைக் கெட்டவளாக்காமலேயே மருமகள் பேசலாம் என்று காட்டியிருக்கிறார்.

1966-ல் பத்மஸ்ரீ, பிறகு பத்மபூஷண். தன் வாழ்க்கையைப் பற்றி எழுதிய 'நாலோ நேனு' புத்தகத்துக்குத் தேசிய விருது. சென்னை அரசு இசைக் கல்லூரிக்குத் தலைமைப் பொறுப்பும் வகித்தார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது 1992-ல் 'செம்பருத்தி' படத்தில் அவரைப் பாட்டியாகத்தான் முதலில் பார்த்தேன். பாட்டியென்றால் மூலையில் உட்கார்ந்து இருமுகிற பாட்டி இல்லை, அதட்டுகிற பாட்டி! 2005 டிசம்பர் 24-ந் தேதி சென்னையில் காலமானார்.

நமக்கு என்ன?

"அவங்களுக்கு ஸ்டூடியோ இருந்தது, துணைக்குப் புருஷனும் இருந்தார். நமக்கு அடுப்பங்கரைதானே?" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. நியாயம்தான். அப்பாவும் கணவரும் கூட நின்றது பானுமதியின் அதிர்ஷ்டம். அந்த அதிர்ஷ்டத்தை நம் பெண்களுக்கு நாம் கொடுக்கலாம் அல்லவா?

நான் கல்யாணத்துக்கு முன் வர்ணம் வரைக்கும் பாட்டு படித்தவள். புகுந்த வீட்டில் அதைப் பற்றி யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. இந்த வருஷம் என் மகள் பத்தாம் வகுப்பு. "பரீட்சை வருதே, பாட்டு கிளாஸை நிறுத்திடு" என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள். "வாரத்தில் ரெண்டு மணி நேரம்தானே, நிறுத்த வேண்டாம்" என்று நான் சொன்னேன். என் கணவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி, போகட்டும்" என்றார். சனிக்கிழமை தோறும் அவரே ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுகிறார்.

பாட்டுதான் என்று இல்லை. தையலோ, கோலமோ, கதை எழுதுவதோ, உங்கள் பெண்ணுக்கு ஒன்று நன்றாக வருகிறது என்றால், பரீட்சைக்காகவும் கல்யாணத்துக்காகவும் அதை முதலில் வெட்டிவிடாதீர்கள். வாரத்தில் ரெண்டு மணி நேரம் அதற்கு இருக்கட்டும். உங்களுக்கும் அப்படி ஒன்று இருந்தால், இந்த வாரமே எடுத்துத் தூசி தட்டுங்கள்.