ஒத்துக்காரர் பார்த்த தில்லானா மோகனாம்பாள்

முப்பத்தெட்டு வருட ரயில்வே சேவையில் என் உத்தியோகம் தண்டவாளத்தோடுதான். குனிந்த தலை நிமிராமல் ஸ்லீப்பர் எண்ணி நடந்தவன் சினிமாவைப் பற்றி எழுத வந்திருக்கிறானே என்று அன்பர்கள் நினைக்கலாம். காரணம், போன மாதம் நம் சங்கத்தில் நடந்த ஒரு பேச்சு. கூட்டம் முடிந்து காபி குடிக்கையில் யாரோ 'தில்லானா மோகனாம்பாள்' பேச்சை எடுத்தார்கள். அவ்வளவுதான். பாலையாவா நாகேஷா என்று நான்கு பெரியவர்கள் ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். காபி ஆறிப்போயிற்று. ஒருவருடைய பேத்தி, பிலாஸ்பூரிலேயே பிறந்து வளர்ந்த பெண், "அந்தப் படத்துல அப்படி என்னதான் இருக்கு தாத்தா?" என்று கேட்டாள். ஒருவருக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை. நானும் பேசாமல்தான் இருந்தேன். அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டியதை இங்கே எழுதுகிறேன்.

முதலில் விவரம். கொத்தமங்கலம் சுப்பு 'கலைமணி' என்ற புனைபெயரில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய கதை இது. கோபுலு படம் வரைந்தார். ஆகையால் 1968இல் ஏ.பி. நாகராஜன் இதைப் படமாக எடுத்தபோது, சிக்கல் சண்முகசுந்தரமும் திருவாரூர் மோகனாவும் ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த மனிதர்கள். சிவாஜியும் பத்மினியும் அந்த முகங்களுக்குள் போய் உட்கார வேண்டியிருந்தது. இசை கே.வி. மகாதேவன். நாதஸ்வரம் வாசித்தவர்கள் எம்.பி.என். சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்கள். சிவாஜியின் விரலும் கன்னமும் கழுத்து நரம்பும் அந்த வாசிப்போடு எப்படிப் பொருந்தின என்பது பல தடவை பார்த்தும் எனக்கு விளங்காத அதிசயம். அந்த வருடத்துத் தேசிய விருதுகளில் சிறந்த தமிழ்ப் படம் என்ற விருதும், கே.எஸ். பிரசாத்துக்கு ஒளிப்பதிவு விருதும் கிடைத்தன.

இத்தனையும் சரி. ஆனால் விருது வாங்கிய படங்கள் எத்தனையோ மறந்துபோய்விட்டன. இது மட்டும் ஏன் மறக்கவில்லை?

என் அனுபவத்தில் ஒரு காரணம், அந்தக் காலத்தில் படத்தைக் கண்ணால் பார்த்ததைவிடக் காதால் கேட்டதே அதிகம். டூரிங் கொட்டகைக்கு ஒரு படம் வந்தால் சில நாள் ஓடும். அப்புறம் எப்போது திரும்பி வரும் என்று யாருக்கும் தெரியாது. இடையில் இருந்தது ரேடியோ ஒன்றுதான். வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். தெருவில் நான்கு வீட்டுக்காரர்கள் ஒரு ரேடியோவைச் சுற்றி உட்காருவோம். மனோரமா பேசும்போது அவர் கண்ணை உருட்டுவதை நாங்களாகவே மனதுக்குள் பார்த்துக்கொள்வோம். இப்படிப் பாதிப் படத்தை நாமே உள்ளே எடுத்து முடித்தோம் என்றுதான் சொல்ல வேண்டும். தன் கையால் செய்த சாமானை யாரும் சுலபத்தில் தூக்கிப்போடுவதில்லை அல்லவா!

இன்னொரு காரணம், இந்தப் படத்தில் ஒவ்வொருவரும் பார்த்தது ஒவ்வொரு படம். என் அம்மாவுக்கு இது வடிவாம்பாளின் கதை. மகளைப் பணக்காரன் பக்கம் தள்ளப் பார்க்கும் அந்தத் தாயை ஊரே திட்டும். அம்மா திட்டமாட்டாள். "அவளுக்கு நாளைக்குச் சோத்துக்கு என்ன வழிங்கிற பயம்" என்பாள். வைத்தியைப் போல ஊருக்கு ஊர் ஆசாமி உண்டு. என் பிரிவிலேயே இரண்டு பேரை நான் வைத்து வேலை வாங்கியிருக்கிறேன். ஜில் ஜில் ரமாமணி, இந்தச் சத்தம் உங்கள் நாயனத்தில் மட்டும்தான் வருமா என்று வெள்ளந்தியாக விசாரிக்கும் இடத்தில் எல்லோரும் சிரிப்பார்கள். ஊர் ஊராக ஆடிப் பிழைக்கும் ஒருத்தியின் தனிமையை அந்த இடத்திலேயே பார்த்துக் கண் கலங்கியவர்களையும் எனக்குத் தெரியும்.

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதி முழுவதும் நடந்து, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் கீகளைச் சுத்தியலால் தட்டிக்கொண்டே போவார். இறுகியிருந்தால் ஒரு சத்தம், தளர்ந்திருந்தால் வேறு சத்தம். கண்ணுக்குத் தெரியாதது காதுக்குத் தெரியும். நல்ல படமும் அப்படித்தான் நம்மைத் தட்டிப் பார்த்துக்கொண்டு போகிறது. எந்த இடத்தில் சத்தம் மாறும் என்பது படத்தில் இல்லை, நம்மிடம் இருக்கிறது.

என்னிடம் எந்த இடத்தில் மாறியது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இதுவரை நம் சங்கத்தில் யாரிடமும் நானாகச் சொன்னதில்லை.

என் அப்பா ஒத்துக்காரர். நம் பிள்ளைகளுக்காக இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நாதஸ்வரக் கோஷ்டியில் நாயனக்காரர், தவில்காரர், தாளம் போடுபவர், இவர்களுக்குப் பின்னால் ஒத்து ஊதுபவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஒத்து பார்வைக்கு நாதஸ்வரம் மாதிரியே இருக்கும். ஆனால் விரல் வைத்து வாசிக்கத் துளை கிடையாது. கீழ்ப்பக்கம் உள்ள துளைகளை மெழுகால் அடைத்துச் சுருதி சேர்த்துக்கொள்வார்கள். அதிலிருந்து வருவது ஒரே ஒரு ஸ்வரம். கச்சேரி முடியும் வரை அந்த ஒரு ஸ்வரத்தை அறுபடாமல் ஊதிக்கொண்டிருக்க வேண்டும். கன்னத்தில் காற்றைத் தேக்கி, அது வெளியே போய்க்கொண்டிருக்கும்போதே மூக்கால் மூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். அதை நிறுத்தினால் நாயனக்காரருக்குக் காலடியில் தரை நழுவின மாதிரி. ஊதிக்கொண்டே இருக்கும் வரை அப்படி ஒருவர் இருப்பதே யாருக்கும் தெரியாது.

'ஒத்து ஊதுகிறான்' என்று தமிழில் ஒரு வசவு இருக்கிறதே, அதைப் பள்ளிக்கூடத்திலிருந்து ஆபீஸ் வரை எத்தனை பேர் வாயில் கேட்டிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் காது சுடும்.

எனக்குப் பன்னிரண்டு வயதிருக்கும்போது, 1970இல், திருவாரூருக்குப் பக்கத்தில் ஒரு டூரிங் கொட்டகையில் அப்பாவோடும் அம்மாவோடும் இந்தப் படத்தைப் பார்த்தேன். தரை டிக்கெட். மணலைக் குவித்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன். சண்முகசுந்தரம் கோபித்துக்கொண்டு கச்சேரியை விட்டு எழுந்துகொள்ளும்போது கொட்டகையில் விசில் பறந்தது. என் தலைமுறைக்கு அது ஹீரோவின் ரோஷம். அப்பாவின் தலைமுறைக்கு அந்த முன்கோபத்தைப் பார்த்ததும் 1956இல் மறைந்த ராஜரத்தினம் பிள்ளையின் ஞாபகம் வராமல் போகாது. அப்பா விசில் அடிக்கவில்லை. ரீல் மாற்ற விளக்குப் போட்டபோது சொன்னார்: "அவரு கோவிச்சுக்கிட்டு எந்திரிச்சிட்டாரு தம்பி. பின்னால குந்தியிருக்கிற நாலு பேருக்கு அன்னிக்குப் பொழப்பு போச்சே."

அன்றிலிருந்து அந்தப் படத்தில் நான் பார்ப்பது சிவாஜிக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவர்களைத்தான்.

டிப்ளமா முடித்து 1980இல் ரயில்வேயில் சேர்ந்து பிலாஸ்பூர் வந்தேன். இங்கே வந்த புதிதில் அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டவர்களிடம் "விவசாயம்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குப் பெரிய விளக்கம் எதுவும் இல்லை. சொல்லிவிட்டேன், பிறகு மாற்ற முடியவில்லை.

1984இல் நம் சங்கத்தார் இந்தப் படத்தின் 16 எம்.எம். பிரதியை வாடகைக்கு வரவழைத்து ரயில்வே இன்ஸ்டிட்யூட்டில் போட்டார்கள். பழைய அங்கத்தினர்களுக்கு அந்த இரவு நினைவிருக்கும். படப்பெட்டி வந்த ரயில் மூன்று மணி நேரம் லேட். அதற்குக் காரணமே நான்தான் என்பது பலருக்குத் தெரியாது. அன்று காலை என் செக்‌ஷனில் தண்டவாளம் ஒன்று விரிசல் விட்டிருந்தது. வழக்கப்படி வேகக் கட்டுப்பாடு போட்டேன். வண்டிகள் அந்த இடத்தில் ஊர்ந்து போயின. ஹாலில் இருநூறு பேர் குழந்தைகளோடு கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தார்கள். நானும் ஒன்றும் தெரியாதவன் போல அவர்களோடு உட்கார்ந்து ரயில்வேயைத் திட்டினேன்.

பத்து மணிக்குத் திரையில் வெளிச்சம் விழுந்தது. திருவாரூர் என்ற பெயரைக் கேட்டதும் ஹாலில் எழுந்த ஆரவாரம் இப்போதும் காதில் இருக்கிறது. வரைபடத்தில் பாருங்கள். திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பாதையில் அடியக்கமங்கலம், கீழ்வேளூர், அடுத்து சிக்கல். கதாநாயகன் ஊருக்கும் கதாநாயகி ஊருக்கும் இடையே இருபது கிலோமீட்டர்கூட இராது. அன்று அது மீட்டர் கேஜ். இன்று அகலப்பாதையாகிவிட்டது. எங்களுக்கோ அந்த ஊர்கள் இரண்டு நாள் பிரயாணத்துக்கு அப்பால் இருந்தன. இரண்டு கோஷ்டியும் ஒரே ரயில் பெட்டியில் அகப்பட்டுக்கொண்டு, பேச முடியாமல் கண்ணாலேயே பேசிக்கொள்ளும் காட்சியை எல்லோரும் காதலுக்காகப் பார்த்தார்கள். ரயில்வே காலனி ஜனங்கள் பெட்டிக்காகவும் பார்த்தார்கள். காயம் ஆறி மேடையேறியவனை மோகனா பாட்டிலேயே நலம் விசாரிக்கும் இடம் வந்தபோது, என் முன் வரிசைப் பெண்மணி புடைவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டார். ஊரிலிருந்து மாதம் ஒரு இன்லண்ட் கடிதம் வரும் காலம் அது. எல்லாக் கடிதமும் அந்த ஒரு விசாரிப்போடுதானே ஆரம்பிக்கும்!

இடைவேளையில் அந்த அம்மாளே என்னைப் பார்த்துக் கேட்டார்: "நீங்க திருவாரூர்ப் பக்கந்தானே சார்? இந்த மாதிரி நாயனக்காரங்களை எல்லாம் கிட்டத்துல பார்த்திருப்பீங்களே?"

"பார்த்திருக்கேன்" என்றேன்.

மூன்று வருடம் கழித்து, எங்களுக்கு மூத்த பெண் பிறந்த சமயம், அப்பா முதல் தடவையாக இங்கே வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை சங்க நண்பர் ஒருவர் வீட்டில் வி.சி.ஆர். வைத்து அதே படத்தைப் போட்டார்கள். அப்பாவையும் அழைத்துப் போனேன். நடுவில் ஆபீஸ் பேச்சு வந்தது. நண்பர் யாரோ ஒரு அதிகாரியைக் குறித்து, "அவன் கிடக்கிறான் சார், மேலே இருக்கிறவனுக்கு ஒத்து ஊதுற பயல்" என்றார்.

அப்பா சிரித்துக்கொண்டே சொன்னார்: "ஒத்து ஊதுறது அம்புட்டுச் சுளுவு இல்லீங்க. மூச்சு விடாம ஊதணும். நான் முப்பது வருஷம் ஊதியிருக்கேன்."

நண்பர் வி.சி.ஆரை நிறுத்திவிட்டார். நல்ல மனிதர், பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அப்பா அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. கன்னத்தை உப்ப வைத்து, மூக்கால் மூச்சு வாங்குவது எப்படி என்று செய்து காட்டினார். குழந்தைகள் சுற்றிவந்து தாங்களும் செய்து பார்த்தார்கள். அரை மணி நேரம் சிவாஜி திரையில் அசையாமல் நின்றுகொண்டிருந்தார்.

அப்போது நண்பரின் மனைவி என் பக்கம் திரும்பி, "உங்கப்பா விவசாயம்னு சொன்னதா ஞாபகம்..." என்று இழுத்தார்.

எனக்கு வாய் எழவில்லை. அப்பா என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு அந்த அம்மாளிடம், "கொஞ்சம் நிலமும் உண்டுங்கம்மா. அதையும் பார்த்துக்குவேன்" என்றார். "படத்தைப் போடுங்க, பாலையா வர்ற இடம்" என்றும் சொன்னார்.

எங்களுக்கு ஒரு குழி நிலம்கூட இருந்ததில்லை.

1991இல் அப்பா காலமானார். இந்தப் படத்தை அதற்குப் பிறகு கேசட்டிலும், 1993இல் சன் டிவி வந்தபின் அதிலும், இப்போது பேரன் போட்டுக்கொடுக்கும் செல்போனிலும் எத்தனையோ முறை பார்த்துவிட்டேன். பாலையா வரும் இடங்களில் மட்டும் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். ஏன் என்று வீட்டில் யாரும் கேட்பதில்லை.

போன வருடக் கும்பாபிஷேகத்துக்கு நம் கோயில் கமிட்டியார் தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து ஒரு நாதஸ்வரக் கோஷ்டியை வரவழைத்தார்கள். நான்கே பேர். ஸ்டேஷனுக்கு அழைத்துவரப் போனவன் நான். "ஒத்து யார்?" என்று கேட்டேன். தலைவராக வந்த இளைஞர் பையிலிருந்து ஒரு சுருதிப் பெட்டியை எடுத்துக் காட்டினார். "இதுதான் சார். ஆளுக்கு டிக்கெட் போட்டுக் கட்டுப்படியாகாது. இப்ப ஊர்லயே ஒத்து ஊத ஆள் கிடைக்கிறதில்ல" என்றார். மறுநாள் யாகசாலைப் பக்கம் பிளக் பாயிண்ட் எட்டவில்லை. ஒயர் போதாமல் பெட்டி தொங்கிக்கொண்டிருந்தது. நான் அவர்களுக்குப் பின்னால் ஜமக்காளத்தில் உட்கார்ந்து, கச்சேரி முடியும் வரை அதை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.