கஞ்சித் தொட்டியும் கானாப் பாட்டும்

ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்குத்தான் விட்டத்தின் மகிமை தெரியும். சில வருஷங்களுக்கு முன் நாம் பத்து நாள் அப்படிப் படுக்க நேர்ந்தது. மருந்து வேளைக்கு வந்தது. டாக்டர் அன்பாகப் பேசினார். ஆனால் பொழுது விடிந்தது முதல் விளக்கை அணைக்கும் வரையில் பார்ப்பதற்கு ஒரு மின்சார விசிறியும், மழைநீர் கசிந்து உண்டான ஒரு கறையும் தவிர வேறொன்றும் இல்லை. முதல் நாள் அது வெறும் கறை. மூன்றாம் நாள் இலங்கைத் தீவைப்போல் இருந்தது. ஏழாம் நாள் நம் பெரியப்பாவின் முகமாகி நம்மை முறைக்கத் தொடங்கிவிட்டது!

ஒன்பதாம் நாள் இரவு, பக்கத்துக் கட்டிலில் வலது கையில் பெரிய கட்டுடன் கிடந்த காசிமேட்டுத் தொழிலாளி ஒருவர், இடது கையால் தலையணையில் மெள்ளத் தாளம் தட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார். அது கானாப் பாட்டு. எதிர்க் கட்டிலில் முனகிக்கொண்டிருந்த கிழவர் முனகலை நிறுத்தினார். அதட்டுவதற்காக விரைந்து வந்த நர்ஸ் அம்மாள் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். பாட்டு முடிந்ததும், “சரி, தூங்குங்க” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அன்றிரவு பெரியப்பா நம்மை முறைக்கவில்லை.

நோயாளிக்கு மருந்தோடு கலையும் வேண்டும் என்ற எண்ணம் நமக்கு அன்று உதித்தது. ஆனால் இது நம்முடைய கண்டுபிடிப்பு அல்ல. பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859-ல் வெளியிட்ட செவிலியர் பணி பற்றிய நூலிலேயே, ஒரே சுவரையும் ஒரே கூரையையும் பார்த்துக் கிடப்பது நோயாளியை எவ்வளவு வதைக்கிறது என்று எழுதியிருக்கிறார். வர்ணமும் வடிவமும் மனத்துக்கு மட்டுமல்ல, உடம்புக்கும் நலம் செய்கின்றன என்பது அவருடைய துணிபு.

இதற்குக் கணக்கு உண்டா என்று கேட்பவர்களுக்கு ராஜர் உல்ரிச் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் 1984-ல் விடை அளித்தார். பென்ஸில்வேனியா மாகாணத்து ஆஸ்பத்திரி ஒன்றில் பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 பேரின் குறிப்புகளை அவர் ஒப்பிட்டுப் பார்த்தார். 23 பேருக்கு ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்தன. மற்ற 23 பேருக்குச் செங்கற் சுவர். மரத்தைப் பார்த்தவர்கள் ஏறக்குறைய ஒரு நாள் முன்னதாகவே வீடு திரும்பினார்கள். கடுமையான வலி மருந்தும் அவர்களுக்குக் குறைவாகவே வேண்டியிருந்தது.

பார்ப்பதைவிடத் தானே செய்வது இன்னும் மேல். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-ல் காசநோயால் சானடோரியத்தில் படுத்தார். படுக்கையிலிருந்தபடியே படம் வரைந்தார். பிறகு சக நோயாளிகளுக்கும் தூரிகை பிடிக்கக் கற்றுக் கொடுத்தார். ‘ஓவிய சிகிச்சை’ என்ற பொருளில் 1942-ல் அவர் வழங்கிய பெயரே இன்று உலகெங்கும் நிலைத்திருக்கிறது.

‘எல்லாம் சீமைச் சரக்குதானா?’ என்று நேயர்கள் சலித்துக்கொள்ள வேண்டாம். நம் வேலூருக்கே போவோம். கொல்லிமலையில் 1914-ல் பிறந்த டாக்டர் பால் பிராண்ட், வைத்தியம் படிப்பதற்கு முன் தச்சு வேலையும் கட்டிட வேலையும் கற்றவர். குஷ்டநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவையினால் நிமிர்த்தினார். ஆனால் நிமிர்ந்த விரலுக்கு வேலை வேண்டாமா? 1951-ல் வேலூரில் ‘நவஜீவ நிலையம்’ தோன்றியது. அங்கே நோயாளிகள் தச்சு வேலை பழகினார்கள். மரப் பொம்மைகள் செய்தார்கள். பிச்சைக்கு நீண்ட கை உளி பிடித்தது.

அதில் வைத்தியத்துக்கும் ஒரு லாபம் கிடைத்தது. விரல்கள் நோயினால் தாமாகவே உதிர்கின்றன என்று அதுவரையில் ஜனங்கள் எண்ணியிருந்தார்கள். பிராண்டோ அந்த இளைஞர்களின் கைகளைத் தினந்தோறும் கவனித்தார். வலி தெரியாததால், கருவியின் சிராய் குத்தினாலும் சூடான பாத்திரம் சுட்டாலும் அவர்கள் கையை எடுப்பதில்லை. அந்தக் காயங்களே விரல்களைத் தின்கின்றன என்று தெளிந்தார். பட்டறை டாக்டருக்கும் பாடம் சொன்னது!

இனி நம் வட சென்னைக்கு வருவோம். ஹைதர் அலியின் யுத்தத்தால் பஞ்சம் மூண்டபோது, 1782-ல் பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி வார்க்க மணியக்காரர் சத்திரம் எழுந்தது. 1799-ல் அங்கே வைத்தியமும் தொடங்கியது. அந்த வித்திலிருந்து வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி ஆஸ்பத்திரி. 1938-ல் அது மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. ஆயினும் ராயபுரத்துப் பெரியவர்களுக்கு அது ‘கஞ்சித் தொட்டி ஆஸ்பத்திரி’தான்.

துறைமுகமும் எண்ணூர், திருவொற்றியூர் ஆலைகளும் கைகளை நம்பி நடக்கும் பிரதேசம் இது. இயந்திரத்தில் சிக்கிய கையைக் காப்பாற்றும் வித்தையில் ஸ்டான்லியின் கை அறுவைப் பிரிவு, பேராசிரியர் ஆர். வெங்கடசுவாமியின் உழைப்பினால் நாடறிந்த பெயர் பெற்றது. தைத்த நரம்பும் தசைநாரும் பயிற்சியில்லாவிட்டால் விறைத்துப் போகும் என்பார்கள் டாக்டர்கள். அந்தப் பயிற்சிக்கு ஒரு ரப்பர்ப் பந்தை மட்டுமா நம்பியிருப்பது? கடற்கரைக் குப்பங்களில் வலை பின்னத் தெரிந்த முதியவர்கள் இருக்கிறார்கள். வாசலில் கோலமிடும் பெண்கள் இருக்கிறார்கள். டாக்டரின் மேற்பார்வையில் அவர்கள் வந்து சொல்லிக் கொடுத்தால், விரலுக்கு அசைவும் மனத்துக்கு உற்சாகமும் ஒருங்கே கிடைக்கும்.

பாட்டு விஷயமும் அப்படியே. கானா இந்த மண்ணின் சொத்து. சாவு வீட்டில் இரவெல்லாம் பாடி, இருப்பவர்களின் துக்கத்தை ஆற்றுகிற கலை அது. ஆனால் மனிதன் மூச்சு நின்ற பிறகுதான் அது வர வேண்டுமா? உயிருடன் போராடிக்கொண்டிருக்கும்போதே வந்து ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? மரணப் பாட்டை வார்டில் பாடச் சொல்லவில்லை. அதே குரல்களுக்குக் கேலிப் பாட்டும் கடல் பாட்டும் தெரியும். எழும்பூர்க் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்குள் ‘லிட்டில் தியேட்டர்’ குழுவினர் கோமாளி வேஷத்தில் சென்று குழந்தைகளைச் சிரிக்க வைத்ததுண்டு. சிவப்பு மூக்குக்குத் திறந்த கதவு பாட்டுக்கும் திறக்கலாம்.

சில நியதிகள் அவசியம். மைக் செட்டு வாசலோடு நிற்க வேண்டும். நோயாளி ‘வேண்டாம்’ என்றால் அவர் வார்த்தையே சட்டம். பாட்டு மருந்துக்குத் துணையேயன்றி மாற்று அல்ல. முக்கியமாக, புகைப்படத்துக்காக ஒரு நாள் வந்து போகும் பிரமுகர்களால் பிரயோஜனமில்லை; வாரந்தோறும் வரும் இரண்டு பேர் போதும். உலக சுகாதார ஸ்தாபனம் 3000-க்கும் மேற்பட்ட ஆராய்ச்சிகளைத் திரட்டி, கலை உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணை செய்கிறது என்று 2019-ல் அறிக்கை வெளியிட்டுவிட்டது. இனியும் இதை ஆடம்பரம் என்று தள்ளுவதற்கில்லை.

கஞ்சி வார்த்த இடம் ஆஸ்பத்திரியாயிற்று. வயிற்றின் பசியை அறிந்த ஊருக்குக் கண்ணின் பசியும் காதின் பசியும் தெரியாமற் போகாது. அதற்கெல்லாம் நாளாகும் என்றால், பெரிய மனது பண்ணி விட்டத்துக் கறைகளின்மேல் சுண்ணாம்பாவது அடித்து வைக்கட்டும். யாருடைய பெரியப்பாவோ யாரையோ இப்போதும் முறைத்துக்கொண்டுதான் இருப்பார்!