சூரியனுக்கும் ஒரு தவணை: தென்வானில் மங்கும் சிவப்பு நட்சத்திரம்

சூரியன் அழியும் காலத்தை விஞ்ஞானிகள் கணித்துவிட்டார்கள், அதுதான் கியாமத் நாள் என்று சொல்லும் தகவல்கள் வாட்ஸ்அப் குழுமங்களில் அவ்வப்போது வலம் வருகின்றன. இவற்றில் அறிவியல் எது, நாமாகச் சேர்த்துக்கொண்டது எது? இதை விளங்கிக்கொள்ள தென்வானில் உள்ள ஒரு மங்கலான நட்சத்திரம் நமக்கு உதவும். அதன் பெயர் ஆர் டோரடஸ்.

எங்கே இருக்கிறது?

அரபுகள் பயணங்களில் திசை அறியப் பயன்படுத்திய ஸுஹைல் நட்சத்திரத்தை நம்மில் பலர் கேள்விப்பட்டிருப்போம். தமிழில் அதை அகத்திய நட்சத்திரம் என்பார்கள். ஜனவரி மாத நடுவில் இரவு 9 மணி அளவில் தெற்கு நோக்கி நின்றால் அது பளிச்சென்று தெரியும். அதற்கு வலப்புறம், சற்றுக் கீழே, கையை நீட்டிப் பார்த்தால் ஏறத்தாழ ஒரு சாண் தள்ளி ஆர் டோரடஸ் இருக்கிறது.

ஆனால் அது எளிதில் கண்ணில் படாது. அதன் பிரகாச எண் 4.8-க்கும் 6.6-க்கும் இடையில் ஏறி இறங்குகிறது. எண் கூடினால் ஒளி குறைவு என்று பொருள். நல்ல இருட்டிலேயே வெறும் கண்ணின் எல்லை சுமார் 6 தான். சென்னையிலிருந்து பார்த்தால் அடிவானத்திலிருந்து 15 பாகை உயரத்துக்கு மேல் அது எழுவதில்லை. எனவே நகர வெளிச்சம் இல்லாத கடற்கரையும் ஒரு பைனாகுலரும் தேவைப்படும்.

மங்கல், ஆனால் சிறியதல்ல

இத்தனை மங்கலான அந்த நட்சத்திரத்தின் விட்டம் சூரியனைப் போல ஏறத்தாழ 350 மடங்கு. சூரியன் இருக்கும் இடத்தில் அதை வைத்தால் நம் பூமி அதற்குள் மூழ்கிவிடும். அப்படியானால் ஏன் மங்கலாகத் தெரிகிறது? சூரியனின் மேற்பரப்பு வெப்பம் சுமார் 5,500 டிகிரி செல்சியஸ். ஆர் டோரடஸில் அதில் பாதிகூட இல்லை. அதனால்தான் அது சிவப்பாக இருக்கிறது. அதன் ஆற்றலில் பெரும்பகுதி நம் கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புக் கதிர்களாகவே வெளியேறுகிறது. தொலைவும் சுமார் 180 ஒளியாண்டுகள். இன்று நாம் காணும் அதன் ஒளி, நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்தில் புறப்பட்டது.

சிலி நாட்டின் அட்டகாமா பாலைவனத்தில், 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள அல்மா தொலைநோக்கி 2023-இல் இதைப் படம் பிடித்தது. ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த வவுட்டர் ஃப்ளெம்மிங்ஸ் தலைமையிலான குழு 2024 செப்டம்பரில் முடிவுகளை வெளியிட்டது. உலையில் கொதிக்கும் நீர் போல, அதன் மேற்பரப்பில் சூடான வாயுக் குமிழிகள் எழுந்து அமிழ்வது அதில் தெரிந்தது. ஒவ்வொரு குமிழியும் சூரியனைப் போல 75 மடங்கு பெரியது!

நம் சூரியனின் முதுமை

இந்த நட்சத்திரத்தின் எடை கிட்டத்தட்ட சூரியனின் எடைதான். ஆகவே இதைப் பார்ப்பது சூரியனின் முதுமையைப் பார்ப்பதற்குச் சமம். நட்சத்திரத்தின் மையத்தில் ஹைட்ரஜன் எரிபொருள் தீர்ந்ததும் மையம் சுருங்கிச் சூடாகிறது. அதைச் சுற்றியுள்ள அடுக்கில் எரிதல் தொடர்கிறது. வெளிப்பகுதியோ ஊதிப் பெருத்து, குளிர்ந்து, சிவக்கிறது. இதுவே சிவப்பு ராட்சத நிலை. பிறகு அது தன் வாயுவையும் தூசியையும் சிறிது சிறிதாக வெளியில் இழந்து, கடைசியில் சிறிய வெண்குள்ளன் நட்சத்திரமாகச் சுருங்கிவிடும். சூரியனின் வயது சுமார் 460 கோடி ஆண்டுகள். இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளில் அதுவும் இந்த நிலையை அடையும் என்பது கணிப்பு.

எங்கே நாம் நிறுத்திக்கொள்ள வேண்டும்?

சூரியனும் சந்திரனும் குறிப்பிட்ட தவணை வரையே ஓடுகின்றன என்பதைக் குர்ஆன் (13:2) நமக்கு நினைவூட்டுகிறது. நிரந்தரமாகத் தோன்றும் சூரியனும் முதுமை அடையக்கூடியதே என்பதை ஆர் டோரடஸில் நாம் கண்ணாலேயே காண்கிறோம். இது சிந்திப்போருக்குப் பெரிய படிப்பினை.

ஆனால் 500 கோடி ஆண்டுகள் என்ற கணக்கைக் கியாமத் நாளுக்கான தேதியாக ஆக்குவது தவறு. அது எரிபொருள் தீரும் கணக்கு மட்டுமே. மறுமை நாளின் நேரம் பற்றிய அறிவு அல்லாஹ்விடம் மட்டுமே உள்ளது என்று குர்ஆன் (7:187) தெளிவாகச் சொல்லிவிட்டது. 'இன்னும் 500 கோடி ஆண்டுகள் இருக்கின்றன' என்ற நிம்மதிக்கும் அங்கே இடமில்லை.

நபி (ஸல்) அவர்களின் மகன் இப்ராஹீம் இறந்த அன்று சூரிய கிரகணம் ஏற்பட்டது. அவருடைய இறப்புக்காகவே கிரகணம் பிடித்தது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். மகனை இழந்த அந்தத் துயரத்திலும் நபியவர்கள் அந்த எண்ணத்தைத் திருத்தினார்கள். யாருடைய இறப்புக்காகவும் பிறப்புக்காகவும் கிரகணம் பிடிப்பதில்லை என்று விளக்கி, தொழுகையின் பக்கம் மக்களைத் திருப்பினார்கள். வானத்தைப் பார்க்கும்போது நமக்கும் அதுவே வழிமுறை. ஆராய்ந்து அறிந்ததை அறிந்த அளவிலேயே சொல்வோம். உறுதியில்லாத தகவல்களை மார்க்கத்தின் பெயரால் பரப்பாமல் இருப்போம்.

அல்லாஹ்வே மிக அறிந்தவன்.