கலத்துக்குள் சேர்ந்த கொலஸ்ட்ரோல் எப்படி வெளியேறுகிறது?

"உங்களுக்குக் கொலஸ்ட்ரோல் கூட" என்று கிளினிக்கில் டொக்டர் சொன்னதும் சிலர் பயந்துவிடுகிறார்கள். வேறு சிலர், "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். உடம்புக்குள்ளே நடப்பது தெரிந்தால் வீண் பயமும் வராது, அலட்சியமும் வராது.

கொலஸ்ட்ரோல் முழுக்கக் கெட்டதல்ல. உடம்பின் ஒவ்வொரு கலத்துக்கும் அது தேவை. ஆனால் சீனியை எரிப்பது போல அதனை எரித்து முடிக்கக் கலங்களால் முடியாது. மிஞ்சியதை ஈரலுக்கு அனுப்பித்தான் கழிக்க வேண்டும்.

இரத்தத்தில் எல்.டி.எல். கூடினால் அது நாடிச் சுவருக்குள் புகுந்துவிடும். அங்கே துப்புரவு வேலை செய்யும் கலங்கள் அதை விழுங்கும். விழுங்கி விழுங்கி அவை வீங்கிப்போனால் நாடி ஒடுங்கும். பிறகு மாரடைப்பு வரலாம்.

இதைத் தடுக்கக் கலத்தின் கருவுக்குள்ளே எல்.எக்ஸ்.ஆர். என்று ஒரு வாங்கி இருக்கிறது. வாங்கி என்பது செய்தியைப் பிடித்து வேலையைத் தொடக்கும் புரதம். கொலஸ்ட்ரோல் கூடும்போது அதிலிருந்து உண்டாகும் ஒரு பொருள் இந்த வாங்கியில் ஒட்டிக்கொள்ளும். உடனே, ஏ.பி.சி.ஏ.1 என்ற பம்பைக் கூடுதலாகச் செய்யும்படி கலத்துக்குக் கட்டளை போகும். பம்பு கொலஸ்ட்ரோலை வெளியே தள்ளும். மடுவத்தில் நிறுத்த கொழுந்தை லொறி ஏற்றிப் போவது போல, எச்.டி.எல். அதை ஏற்றிக்கொண்டு போகும். ஈரலிலுள்ள இன்னொரு வாங்கி அதை இறக்கி எடுக்கும். பின்பு பித்தத்தோடு குடலுக்குப் போய், ஒரு பகுதி மலத்தோடு கழிந்துவிடும்.

அந்தப் பம்பு பழுதானால் என்ன ஆகும்? அமெரிக்காவின் டேஞ்சியர் தீவில் 1960 அளவில் ஒரு சிறுவனின் டொன்சில் செம்மஞ்சள் நிறத்தில் வீங்கியிருந்தது. டொனால்ட் பிரெட்ரிக்சன் என்ற டொக்டர் ஆராய்ந்தார். டொன்சில் நிறையக் கொலஸ்ட்ரோல் சேர்ந்திருந்தது, இரத்தத்திலோ எச்.டி.எல். இல்லையென்றே சொல்லலாம். ஏ.பி.சி.ஏ.1 பரம்பரைக் குறைபாடே காரணம் என்பது 1999 இல்தான் தெரியவந்தது.

அப்படியானால் எச்.டி.எல்.லைக் கூட்ட மருந்து கொடுத்தால் போதுமே என்று நீங்க கேட்கலாம். செய்து பார்த்தார்கள். டோர்செட்ராபிப் என்ற மருந்து எச்.டி.எல்.லை நன்றாகவே கூட்டியது. ஆனால் அதைக் குடித்தவர்களில் இறந்தவர்கள் அதிகமானதால் 2006 இல் பரிசோதனையை நிறுத்திவிட்டார்கள். லொறி கூடினால் மட்டும் போதாது, சரக்கு இறங்கவும் வேண்டும்.

ஆகவே நாம் செய்யக்கூடியது, உள்ளே போகும் எல்.டி.எல்.லைக் குறைப்பதுதான். டொக்டர் தரும் ஸ்டட்டின் மாத்திரை, ஈரலில் எல்.டி.எல்.லைப் பிடிக்கும் வாங்கிகளைக் கூட்டுகிறது. மாத்திரையை விட்டால் அவை திரும்பக் குறையும். "ரிப்போர்ட் நல்லா வந்திருச்சு" என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை வேலை செய்வதால்தான் ரிப்போர்ட் நல்லாயிருக்கிறது. சுருட்டு, பீடி, சிகரெட்டை விடுங்கள். எண்ணெய்ப் பலகாரம், தேங்காய், கொழுப்பு இறைச்சி ஆகியவற்றைக் குறைத்து, பருப்பு, கீரை, மரக்கறியைக் கூட்டுங்கள். மாத்திரையால் உடம்பு வலி ஏதும் வந்தால் மறைக்காமல் டொக்டரிடம் சொல்லுங்கள். நெஞ்சுவலி வந்தால் வேலை முடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.