முன்பு உயர்த்திக் கட்டிய மார்பகத்தைப் பின்பு சிறிதாக்கலாமா?



இம்முறை எமது பெண்கள் வெளியில் கதைக்கக் கூச்சப்படும் ஒரு விடயத்தை மருத்துவப் பகுதியில் எடுத்துக்கொள்கிறோம். கூச்சப்பட்டு மறைப்பதனாலேயே இதில் ஆபத்துக் கூடுகிறது என்பதுதான் காரணம்.

ஐம்பது வயதை அண்மித்த ஒரு சகோதரி எம்மிடம் வந்தார். (அவரை யாரும் அடையாளம் காணாதபடி விபரங்களை மாற்றியிருக்கிறோம்.) கழுத்து வலி, தோள் வலி, மார்புக் கச்சையின் பட்டி அழுத்தி இரண்டு தோளிலும் பள்ளம், கோடை காலத்தில் மார்பகத்தின் கீழ் தோல் அவிந்து புண். மாதவிடாய் நின்ற காலத்தில் உடம்பு வைத்து மார்பகமும் பெருத்துவிட்டது. அதைச் சிறிதாக்கும் சத்திரசிகிச்சைக்கு ஒரு வைத்தியசாலையில் திகதியும் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய இரத்தப் பரிசோதனைக்காகவே எம்மிடம் வந்திருந்தார்.

பரிசோதித்தபோது இரண்டு முலைக்காம்புகளையும் சுற்றி மெல்லிய பழைய தழும்பு தெரிந்தது. பன்னிரண்டு வருடங்களுக்கு முன் சென்னைக்குக் கலியாண வீட்டுக்குப் போன இடத்தில், தொய்ந்த மார்பகத்தை உயர்த்திக் கட்டும் சத்திரசிகிச்சை செய்ததாகச் சொன்னார். "இங்கே வைத்தியசாலையில் சொன்னீர்களா?" என்று கேட்டோம். "கட்டி ஒன்று எடுத்தது என்று சொல்லிவிட்டேன். மொழிபெயர்க்க மகன் வந்திருந்தான். பிள்ளைக்கு முன்னால் எப்படி டொக்டர் இதைச் சொல்லுறது?" என்றார்.

அந்த ஒரு வசனத்தை மறைத்ததால் என்ன நடந்திருக்கக்கூடும் என்பதே இந்தக் கட்டுரை.

இரண்டும் ஒன்றா?

உயர்த்திக் கட்டும் சிகிச்சையில் (ஜேர்மன் மொழியில் புறுஸ்ட்ஸ்ட்ராஃபுங்) பெரும்பாலும் மேலதிகத் தோலை அகற்றி, முலைக்காம்பை மேலே நகர்த்தித் தைப்பார்கள். சிறிதாக்கும் சிகிச்சையில் (புறுஸ்ட்ஃபெர்க்ளைனெருங்) தோலுடன் உள்ளே இருக்கும் சுரப்பித் தசையையும் கொழுப்பையும் வெட்டி எடுப்பார்கள். முன்னது பொதுவாகத் தோற்றத்துக்காகச் செய்வது. பின்னது பல பெண்களுக்கு வலியையும் பாரத்தையும் குறைக்கும் சிகிச்சை.

இரண்டிலும் பொதுவாக முலைக்காம்பு முற்றாகக் கழற்றப்படுவதில்லை. இரத்தக் குழாய்களும் நரம்புகளும் ஓடும் ஒரு தசைத் தண்டுடன் அதை விட்டுவைத்து, அந்தத் தண்டுடனேயே புதிய இடத்துக்கு நகர்த்துவார்கள். இந்தத் தண்டு மேற்பக்கம், நெஞ்சின் நடுப்பக்கம், கக்கப்பக்கம், கீழ்ப்பக்கம் என ஏதாவது ஒரு பக்கத்திலிருந்து வரலாம். எந்தப் பக்கத்தை விட்டுவைப்பது என்பது வைத்தியரின் முறையைப் பொறுத்தது. வெளித் தழும்பைப் பார்த்து உள்ளே எந்தத் தண்டு இருக்கிறது என்று நிச்சயமாகச் சொல்ல முடியாது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

ஊரில் தோட்டத்துக்கு இறைத்தவர்களுக்கு இது இலகுவில் விளங்கும். ஒரு பாத்திக்கு நான்கு வாய்க்காலால் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். முதலில் வந்தவர் மூன்றை மறித்து ஒன்றை மட்டும் திறந்து வைத்தார். பல வருடம் கழித்து வந்த இன்னொருவர், இது தெரியாமல் மிஞ்சிய ஒன்றையும் வெட்டிவிட்டால் பாத்தி காய்ந்துபோகும்.

முலைக்காம்புக்கும் இதுதான் நடக்கும். முதற் சிகிச்சையில் கீழ்த் தண்டை விட்டிருந்து, இரண்டாவது வைத்தியர் மேல் தண்டை நம்பிக் கீழ்ப்பக்கத்தை வெட்டினால், முலைக்காம்பின் ஒரு பகுதியோ முழுவதுமோ இரத்தமின்றிக் கறுத்து இறந்துபோகலாம். உணர்ச்சி குறைதல், காயம் ஆறத் தாமதித்தல், கொழுப்பு இறந்து உள்ளே கட்டியாதல் ஆகியவையும் முதற் சிகிச்சையைவிட இரண்டாவதில் கூடுதலாக எதிர்பார்க்க வேண்டியவை.

அப்படியானால் செய்யவே கூடாதா? அப்படியில்லை. உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்த, அனுபவமுள்ள வைத்தியர் பாதுகாப்பாகச் செய்யக்கூடிய சிகிச்சைதான் இது. வழிகள் மூன்று வகைப்படும்.

1. முதற் சிகிச்சையின் தண்டு எது என்று தெரிந்தால், அதே தண்டை மீண்டும் விட்டுவைத்துச் சிறிதாக்குவார்கள்.

2. தெரியாவிட்டால், முலைக்காம்பை இயன்றவரை நகர்த்தாமல் செய்வார்கள். முன்பு உயர்த்திக் கட்டியவர்களுக்கு முலைக்காம்பு சரியான உயரத்திலேயே இருந்து, பாரம் மட்டும் கீழே இறங்கியிருப்பது உண்டு. அப்போது கீழ்ப்பகுதியில் மட்டும் வெட்டி எடுக்கலாம், அல்லது கொழுப்பை உறிஞ்சி எடுக்கலாம்.

3. மிகப் பெரிய மார்பகமும் நிச்சயமற்ற இரத்த ஓட்டமும் சேர்ந்தால், முலைக்காம்பைத் தோலுடன் எடுத்து ஒட்டுத்தோல் போலத் திரும்ப வைக்கும் முறை இருக்கிறது. 1922இல் சிக்காகோவில் மக்ஸ் தோரெக் என்ற வைத்தியர் விபரித்த முறை இது. இதில் பால் கொடுக்கும் வாய்ப்புப் போய்விடும். உணர்ச்சியும் பெருமளவு குறையும்.

பழைய அறிக்கையை எடுங்கள்

இவற்றில் எது உங்களுக்குப் பொருந்தும் என்பதைத் தீர்மானிக்கும் முதல் ஆவணம் பழைய சத்திரசிகிச்சை அறிக்கை. ஜேர்மன் மொழியில் "ஓபே-பெரிஷ்ட்" என்று கேளுங்கள். வீடு திரும்பும்போது தரும் ஒரு பக்கக் கடிதம் போதாது.

ஜேர்மனியில் சிகிச்சை முடிந்து 10 வருடங்கள் வரை ஆவணங்களை வைத்திருக்க வேண்டும். அவற்றைப் பார்ப்பதற்கு நோயாளிக்கு இருக்கும் உரிமை 2013இல் வந்த நோயாளர் உரிமைச் சட்டத்தின் மூலம் குடியியல் சட்டத்தில் எழுதப்பட்டுள்ளது. முதற் பிரதி இலவசம் என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2023 ஒக்ரோபரில் தீர்ப்பளித்தது. இந்தியாவிலோ 2002ஆம் ஆண்டின் மருத்துவ ஒழுங்குவிதிகளின்படி, தங்கிச் சிகிச்சை பெற்றவர்களின் ஆவணங்களை 3 வருடங்கள் வைத்திருந்தால் போதும். கேட்டால் 72 மணித்தியாலத்துக்குள் கொடுக்க வேண்டும். ஆகவே சென்னையிலோ வேறு இடத்திலோ செய்துகொண்டவர்கள் பின்னால் பார்ப்போம் என்று இருக்காமல் இப்போதே எழுதிக் கேளுங்கள். அகதிகளாக வந்து இறங்கிய நமக்கு, பத்திரப்படுத்திய ஒரு தாளின் பெறுமதியைச் சொல்லித் தரவேண்டியதில்லை.

வைத்தியரிடம் சொல்ல வேண்டியவை

முன்பு செய்த சிகிச்சை எதுவானாலும் அதன் வருடத்தையும் இடத்தையும் சொல்லுங்கள். நீரிழிவு இருந்தால் மூன்று மாதச் சராசரிச் சீனி அளவைக் காட்டுங்கள். எமது மக்களில் நீரிழிவு அதிகம். சீனி கூடினால் காயம் ஆறாது, கிருமி தொற்றும். புகைப்பவர்கள் குறைந்தது நான்கு கிழமை முன்னும் நான்கு கிழமை பின்னும் நிறுத்த வேண்டும். புகை சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். அஸ்பிரின் போன்ற இரத்தத்தை இளக்கும் மருந்துகளைத் தாமாக நிறுத்தாமல் வைத்தியரைக் கேளுங்கள். எமது தோலில் தழும்பு தடித்து வளரும் தன்மை கூடுதல் என்பதால், பழைய தழும்பு தடித்திருந்தால் அதையும் காட்டுங்கள். இனியும் பிள்ளை பெற எண்ணியிருப்பவர்கள் சிகிச்சையைப் பிற்போடுவது நல்லது.

சிகிச்சைக்கு முன் மார்பகப் புற்றுநோய்ப் பரிசோதனையையும் முடித்துவிடுங்கள். ஜேர்மனியில் 50 வயது முதல் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை மமோகிராஃபி அழைப்பு வருகிறது. 2024 யூலையிலிருந்து 75 வயது வரை இது நீடிக்கப்பட்டுள்ளது. பழைய சத்திரசிகிச்சையின் தழும்புகள் படத்தில் கட்டி போலத் தெரியலாம் என்பதால் அங்கும் மறைக்க வேண்டாம். வெட்டி எடுத்த தசையை நுண்ணோக்கிப் பரிசோதனைக்கு அனுப்புவார்களா என்றும் கேளுங்கள்.

மொழி தெரியாவிட்டால் பிள்ளைகளை மொழிபெயர்க்க அழைத்துச் செல்லாதீர்கள். நம்பிக்கையான ஒரு பெண்ணை, அல்லது பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளரைக் கூட்டிச் செல்லுங்கள். வைத்தியர் உங்கள் சம்மதமின்றிக் கணவருக்கும் எதையும் சொல்லக்கூடாது. இரகசியம் காப்பது ஜேர்மனியில் சட்டக் கடமை. விளக்கம் வாய்மொழியாகவும், நீங்கள் விளங்கிக்கொள்ளும் விதத்திலும் இருக்க வேண்டும் என்பதும் சட்டம். எமது கார்ல்ஸ்ரூஹே நகரில் இருக்கும் சமஷ்டி நீதிமன்றம் (புண்டெஸ்கெரிஷ்ட்ஸ்ஹோஃப்), அழகுக்காகச் செய்யும் சத்திரசிகிச்சைகளில் கெடுதியான விளைவுகளை ஒளிவுமறைவின்றிச் சொல்ல வேண்டும் என்று 1990இலேயே தீர்ப்பளித்திருக்கிறது. ஆகவே, "முலைக்காம்பை இழக்கும் வாய்ப்பு எனக்கு எவ்வளவு? எந்தத் தண்டை விடப்போகிறீர்கள்? இப்படி இரண்டாவது தடவை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று கூச்சப்படாமல் கேளுங்கள்.

"அழகுச் சத்திரசிகிச்சை வைத்தியர்" (ஷோன்ஹைட்ஸ்ஷிரூர்க்) என்ற பெயர்ப்பலகையை ஜேர்மனியில் எந்த வைத்தியரும் போடலாம். "பிளாஸ்டிக் சத்திரசிகிச்சைக்கான ஃபாஹ்ஆர்ட்ஸ்ட்" என்ற நிபுணர் பட்டம் இருக்கிறதா என்று பாருங்கள்.

செலவு

வலியும் தோல் புண்ணும் நிரூபிக்கப்பட்டால் சிறிதாக்கும் சிகிச்சையின் செலவைக் கிராங்கன்காசே ஏற்கலாம். முதலில் விண்ணப்பித்து அனுமதி பெற வேண்டும். எலும்பு வைத்தியர், பெண்நோய் வைத்தியர், பிசியோதெரபி ஆகிய அறிக்கைகளைச் சேர்த்து அனுப்புங்கள். பதில் 3 கிழமைக்குள் வரவேண்டும். மருத்துவச் சேவையின் (மெடிசினிஷர் டீன்ஸ்ட்) கருத்துக் கேட்டால் 5 கிழமை. தோற்றத்துக்காக மட்டும் செய்த சிகிச்சையால் பின்னர் சிக்கல் வந்தால், அந்தச் செலவில் ஒரு பங்கைக் கிராங்கன்காசே உங்களிடம் கேட்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

சிகிச்சைக்குப் பின்

முலைக்காம்பு வெளிறினால், நீலமாகவோ கறுப்பாகவோ மாறினால், ஒரு பக்கம் திடீரென வீங்கி விறைத்தால், காய்ச்சல் வந்தால், விடியும்வரை காத்திருக்காமல் சிகிச்சை செய்த இடத்துக்கு உடனே அறிவியுங்கள். முதல் மணித்தியாலங்களில் தையலைத் தளர்த்தியே சில வேளை காப்பாற்றலாம். மூச்சு முட்டினாலோ நெஞ்சு வலித்தாலோ 112ஐ அழையுங்கள்.

அந்தச் சகோதரியின் சம்மதத்துடன் நாமே வைத்தியசாலைக்குக் கடிதம் எழுதினோம். திகதி பிற்போடப்பட்டது. சென்னையிலிருந்து அறிக்கை கிடைக்கவில்லை. ஆனால் முன்னைய சிகிச்சை தெரிந்ததால் வைத்தியர் திட்டத்தை மாற்றி, முலைக்காம்பைத் தொடாமல் கீழ்ப்பகுதியை மட்டும் எடுத்தார். மார்பகம் அவர் விரும்பிய அளவுக்குச் சிறிதாகவில்லை. ஆனால் தோள் வலி குறைந்தது; காயமும் நன்றாக ஆறியது. அடுத்த முறை வந்தபோது மகனைக் கூட்டி வரவில்லை, தங்கையுடன் வந்தார்.

உடம்பில் முன்பு செய்தது எதுவும் வெட்கத்துக்குரியதல்ல. வைத்தியரிடம் சொல்லுங்கள். நலமாக இருப்போம்.